ஆரஞ்சு நிறத்துக்கு ஒரு படம்

"சித்தி, பெரியம்மா ஆரஞ்சுச் சுங்குடி கட்டிக்கிட்டு நிக்கிற போட்டோ உங்ககிட்டதானே இருக்கு? அனுப்புங்களேன். எனக்கு அந்தக் கலர்தான் வேணும்" என்றாள் சின்னக்கா மகள். பெரியக்கா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவள் முகத்துக்காகக் கேட்கவில்லை, புடவையின் நிறத்துக்காகக் கேட்டாள் என்பது மனசில் தைத்துக்கொண்டது.

படத்தை அனுப்பிவிட்டேன்.

சின்னக்கா மகள் திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறாள். ராத்திரியில் லேப்டாப்பில் டிஜிட்டல் ஸ்க்ராப்புக் செய்வாள். கத்திரியும் பசையும் இல்லாமல் திரையிலேயே ஆல்பம் பக்கம் கட்டுகிற பொழுதுபோக்கு அது. பின்னணித் தாள், ரிப்பன், பொத்தான், இலை என்று ஒரே நிறக்கூட்டில் ஒரு வடிவமைப்பாளர் செய்து ‘கிட்’ ஆக விற்பார். 12 அங்குலச் சதுரப் பக்கம், 3,600க்கு 3,600 பிக்சல். அதில் நம் வீட்டுப் படங்களை வைத்து இவற்றை அடுக்கவேண்டியதுதான். இப்போது இவளை ஒரு வெளிநாட்டு வடிவமைப்பாளர் தன் கிரியேட்டிவ் டீமில் சேர்த்திருக்கிறார். கிட் கடைக்கு வருமுன்பே இலவசமாக வந்துவிடும். குறித்த தேதிக்குள் அதில் பக்கம் செய்து கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்களுக்கு அதுதான் மாதிரி. சம்பளம் கிடையாது.

வந்தது இலையுதிர்காலக் கிட். மேப்பிள் இலையும் பூசணியுமாக ஒரே ஆரஞ்சு. எங்கள் பக்கம் ஐப்பசி மழையில்தான் மானாவாரிக் காடு பச்சை பிடிக்கும், சிறுமலை கறுத்துத் தெரியும். வேம்பும் அரசும் உதிர்வது மாசி பங்குனியில். ஆரஞ்சுக்கு அவள் எங்கே போவாள்? பெரியக்காவின் சின்னாளபட்டிப் புடவைக்குத்தான் வந்தாக வேண்டும்.

பக்கத்தைக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. படத்தின் வலது மூலையில் ஒரு மேப்பிள் இலை. அதன் நிழல் அக்காவின் முந்தானையில் மெல்ல விழுந்திருந்தது. இலையின் நுனி தாளை விட்டுக் கொஞ்சம் எழும்பினாற்போல் தெரிய, அங்கே மட்டும் நிழலை அகலமாக்க ரொம்ப நேரம் பிடித்ததாம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் படத்தில் வெயில் வலப்பக்கமிருந்து அடிக்கிறது, அக்காவின் அந்தப் பக்கக் கன்னம்தான் வெளிச்சம். இலைக்கோ இடப்பக்கமிருந்து வெளிச்சம். "பக்கம் முழுக்க நிழல் ஒரே பக்கமாத்தான் விழணும் சித்தி" என்றாள். அக்கா நின்றது ஒரு சூரியனில், இலை இன்னொரு சூரியனில்.

அந்த இலைக்கு அடியில் இருந்தது அத்தானின் கை. பூட்டுப் பட்டறையில் மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த கை, பாதி மட்டும் படத்தில் விழுந்திருந்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

இப்படிப் பாதியாக வந்து விழுகிறவை எனக்குப் புதிதல்ல. அம்மாவிடம் ‘பொன்னியின் செல்வன்’ இருந்தது. 1950-இலிருந்து 1954 வரை கல்கியில் வந்ததை வாராவாரம் பிரித்தெடுத்து, மைதாப் பசையில் பூச்சி வராமல் மயில்துத்தம் கலந்து, தானே பைண்டு செய்தது. மணியத்தின் படங்களை விட எனக்குப் பிடித்தது அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த மிச்சங்கள்: பாதி ஜோக், தலைப்பில்லாத ஒரு கடிதம், சோப்பு விளம்பரத்தில் ஒரு பெண்ணின் காது. அம்மா அதையெல்லாம் வேண்டுமென்று வைக்கவில்லை. கதையை எடுத்தால் அதுவும் வந்துதான் தீரும்.

மிச்சம் மீதியையும் விடாமல் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றி எப்போதோ படித்தது அரைகுறையாக நினைவில் இருக்கிறது. விளம்பரப் பலகை எழுதுகிறவர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் அமைந்தது. நிறம் பார்த்தா சேர்த்திருப்பார்? ஆனால் தன் ஆசைக்கு மட்டும் சேர்த்திருந்தால் இவ்வளவு பேருக்குப் பயன்பட்டிருக்குமா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இலை அத்தானின் கையை மறைத்ததை அவளிடம் சொன்னேன். "லேயர்தானே சித்தி, இலையை எடுத்தா கீழே அப்படியே இருக்கு" என்றாள். இருக்கிறது, அவள் கணினியில். வெளியே போகிற ஜேபெக்கில் எல்லா லேயரும் ஒன்றாகிவிடும். அதில் இலையைத் தூக்கிப் பார்க்க முடியாது.

அதே சமயம், அந்தப் படம் இத்தனை வருஷம் என் பீரோவில்தான் கிடந்தது. நான் அதை எடுத்துப் பார்த்ததில்லை. கெடுத் தேதி வைத்துக்கொண்டு ஒருத்தி ஆரஞ்சைத் தேடியதால்தான் வெளியே வந்தது. நிழலைச் சரிசெய்ய உட்கார்ந்த நேரமெல்லாம் அவள் பெரியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். சம்பளமில்லாமல் இன்னொருவர் கடைக்கு என் அக்கா நிற்கிறாளே என்று ஒரு நாள் பொறுக்கவில்லை. மறுநாள், முகம் தெரியாத ஒருத்தி எங்கோ உட்கார்ந்து அக்காவைப் பார்ப்பாள் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அக்காவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? சிரித்திருப்பாள் என்று சின்னக்கா மகள் சொல்கிறாள். எனக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.