பிறர் வளரத் துணைநிற்க விழைவது ஏன்?

நம் குடும்பங்களில் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிய பேச்சு முன்பெல்லாம் ஆசிரியப் பயிற்சி, வேளாண்மை, பொறியியல், வங்கித் தேர்வு என்னும் வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். இப்பொழுது உளவியல் படிக்க வேண்டும், மெய்யியல் படிக்க வேண்டும் என்று கூறும் இளைஞர்களையும் காண்கிறோம். ஏன் என்று வினவினால், பிறருக்கு உதவ வேண்டும், அவர்கள் மனத்தளவில் வளரத் துணைநிற்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் தரும் விடையாக இருக்கிறது. இதைக் கேட்ட பெற்றோருள் சிலர் வருவாயை எண்ணிக் கவலையுறுகின்றனர். வேறு சிலர் நல்ல உள்ளம் படைத்த பிள்ளை என்று மகிழ்ந்து, மேற்கொண்டு எதுவும் கேளாது விட்டுவிடுகின்றனர். இவ்விரு சாராரில் மகிழ்ந்து விட்டுவிடுபவர்களைப் பற்றியே எனக்குக் கவலை மிகுதி. உதவ விழைவது நல்லதுதான் என்று அனைவரும் ஒப்புவதால், அவ்விழைவு எங்கிருந்து பிறந்தது, எதை நாடிச் செல்கிறது என்று எவரும் ஆராய்வதில்லை.

அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் பல வகை மண் கிடைக்கும். வீட்டில் ஒருவர் தீராத மனத்துயரில் உழல்வதைக் கண்டு வளர்ந்தவர் உண்டு. தம் மனத்தின் இருளைத் தாமே புரிந்துகொள்ள முயலும் ஒருவர், பிறர் என்னும் சொல்லுக்குப் பின்னே நின்றுகொண்டு அதைத் தேடுவதும் உண்டு. மனம் எவ்வாறு இயங்குகிறது என்னும் வெறும் அறிவு வேட்கையால் வருபவரும் இருக்கின்றனர். இவர்களே மிகக் குறைந்த தீங்கு செய்பவர்கள் என்பது என் கருத்து. பிறர் உள்ளத்தை அறிந்தவர் என்னும் மதிப்பையும் அதனால் வரும் அதிகாரத்தையும் விரும்புவோரும் உளர். இவை எல்லாவற்றினும் கண்ணுக்குப் புலப்படாதது வேறொன்று. நான் இல்லாவிட்டால் இவர் நிலைகொள்ளார் என்று ஒருவரைப் பார்த்து உள்ளுக்குள் அடையும் நிறைவே அது. நால்வகைக் கஷாயங்களுள் மானத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு, அது தலை நிமிர்ந்து மட்டுமே வரும் என்பதில்லை, கைகூப்பிக்கொண்டும் வரும் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சொந்தத் துயரிலிருந்து பிறந்த விழைவைக் குறைத்து மதிப்பிட வேண்டும் என்று நான் கூறவில்லை. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் (1842–1910) இதற்கு நல்ல சான்று. 1869ஆம் ஆண்டு ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர் மருத்துவத் தொழில் செய்யவில்லை. உடல் நலிவும், வாழ்வதில் பொருள் இல்லை என்னும் மனச்சோர்வும் அவரை வாட்டின. மனிதன் வெறும் இயந்திரமே எனில் நன்மைக்காக முயல்வதில் என்ன பயன் என்பது அவரை அலைக்கழித்த வினா. 1870ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ரெனூவியே என்னும் பிரெஞ்சு மெய்யியலாரின் கட்டுரையைப் படித்தபின், தமக்குத் தன்விருப்பாற்றல் உண்டு என்று நம்புவதையே அத்தன்விருப்பின் முதற்செயலாகக் கொள்வது என நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிறகு ஹார்வர்டில் உடலியங்கியலும், உளவியலும், மெய்யியலும் கற்பித்தார். 1890இல் உளவியல் பற்றி இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். 1892இல் கேம்பிரிட்ஜ் நகர ஆசிரியர்களுக்கு அவர் ஆற்றத் தொடங்கிய சொற்பொழிவுகள் 1899இல் நூலாயின.

அச்சொற்பொழிவுகளில் அவர் கூறிய ஒரு செய்தி வியப்புக்குரியது. உளவியல் படித்துவிட்டால் வகுப்பறையில் என்ன செய்வது என்பது தெரிந்துவிடும் என்று எண்ணாதீர்கள் என ஆசிரியர்களை எச்சரித்தார். உளவியல் ஓர் அறிவியல், கற்பித்தலோ ஒரு கலை. ஓர் அறிவியல் தன்னிடமிருந்து நேராக ஒரு கலையைப் பிறப்பிப்பதில்லை என்பது அவர் கருத்து. தம் துயரைக் கடக்க இவ்வறிவைத் தேடிய ஒருவர், அதன் எல்லையை இத்துணை நேர்மையாக எடுத்துக்காட்டினார். ஆகவே தொடக்கத்தில் காயம் இருந்தது என்பதனால் மட்டும் ஒருவர் இப்பணிக்குத் தகுதியற்றவர் ஆகிவிடார்.

எனினும், நோக்கம் தூயதாக இருந்து, முயற்சியும் அன்போடு கூடியதாக இருந்தால் நன்மைதான் விளையுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. ஜேம்ஸ் வாழ்ந்த அதே கேம்பிரிட்ஜிலும், அதை அடுத்த தொழிலாளர் நகரமான சாமர்வில்லிலும், அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து நடந்த ஒரு பணி இதற்கு எதிர்பாராத விடை தந்தது.

ரிச்சர்ட் காபட் என்பவர் பாஸ்டன் நகரின் பெயர்பெற்ற மருத்துவர். மருத்துவமனைக்குள் சமூகப் பணியாளரை முதன்முதலில் கொணர்ந்தவர்களுள் ஒருவர். ஹார்வர்டில் சமூக அறவியல் கற்பித்தவர். வறிய குடும்பத்துச் சிறுவர்கள் தீயவழியில் செல்வதைத் தடுக்க, அன்புடைய ஒரு பெரியவரின் நீடித்த நட்புப் போதும் என்று அவர் நம்பினார். சிறுவர்களை வயது, அறிவுத்திறன், குடும்பச் சூழல் முதலியவற்றால் ஒத்த இருவர் இருவராக இணைத்து, நாணயத்தைச் சுண்டி அவ்விருவருள் ஒருவரை உதவி பெறுபவராகவும் மற்றவரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உரியவராகவும் அமைத்தனர். 1939இல் தொடங்கிய பணி 1945 வரை நடந்தது. பணியாளர்கள் சிறுவர்களின் வீடுகளுக்குச் சென்றனர், குடும்பச் சிக்கல்களில் ஆலோசனை கூறினர், பாடம் சொல்லிக்கொடுத்தனர், தேவையானவர்களுக்கு மருத்துவ உதவியும் உளமருத்துவ உதவியும் கிடைக்கச் செய்தனர், பலரைக் கோடைக்கால முகாம்களுக்கு அனுப்பினர். சராசரியாக ஒவ்வொரு சிறுவனும் ஐந்து ஆண்டுகள் இவ்வுதவியைப் பெற்றான். பணி தொடங்கிய ஆண்டிலேயே காபட் மறைந்தார்.

முப்பது ஆண்டுகள் உருண்டோடின. ஜோன் மெக்கார்ட் என்னும் ஆய்வாளர், அச்சிறுவர்களுள் 506 பேரை, அஃதாவது உதவி பெற்ற 253 பேரையும் பெறாத 253 பேரையும், நடுவயது மனிதர்களாகத் தேடிக் கண்டறிய முனைந்தார். நீதிமன்ற ஆவணங்கள், மருத்துவமனைப் பதிவுகள், இறப்புப் பதிவுகள் ஆகியவற்றோடு அவர்களுடைய விடைகளையும் திரட்டினார். உதவி பெற்றவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அப்பணி தமக்கு நன்மை செய்தது என்று நன்றியோடு எழுதியிருந்தனர். ஆனால் 1978இல் வெளியான ஆய்வின் முடிவு வேறாக இருந்தது. குற்றங்களில் இரு கூட்டத்தாருக்கும் இடையே நன்மை பயக்கும் வேறுபாடு எதுவும் இல்லை. மீண்டும் குற்றம் புரிந்தோர் உதவி பெற்றவர்களிடையேதான் மிகுதி. குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்டோர், கடும் மனநோயின் அறிகுறி காட்டியோர், இளவயதில் இறந்தோர் ஆகியோரும் அவர்களிடையேதான் மிகுதியாக இருந்தனர். உதவி பெற்றதால் மேம்பட்டனர் என்று கூற ஓர் அளவுகோலும் கிடைக்கவில்லை. 1999இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஒருமுறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களிடமே இத்தீங்கு பெரிதும் காணப்பட்டது என்று காட்டியது. ஒத்த இயல்புடைய சிறுவர்கள் ஓரிடத்தில் கூடி, ஒருவர் குறும்பை மற்றவர் மெச்சி வளர்த்துக்கொண்டனர் போலும்.

காரணம் என்னவாக இருக்கும் என்று மெக்கார்டும் சில கருத்துகளை ஊகமாகவே முன்வைத்தார். வெளியார் கையை எதிர்பார்த்து நிற்கும் பழக்கம் ஏற்பட்டிருக்கலாம். உதவி வருகிறது என்பதனாலேயே, தனக்கு ஏதோ குறை உண்டு என்று சிறுவன் எண்ணத் தலைப்பட்டிருக்கலாம். பணியாளர் காட்டிய உலகத்துக்கும் வீட்டு நடைமுறைக்கும் இடையே அவன் தடுமாறியிருக்கலாம். நட்பு நின்றபின் உலகம் அதே பரிவோடு நடந்துகொள்ளாததால் ஏமாற்றம் விளைந்திருக்கலாம்.

என்னை வாட்டுவது அந்த மூன்றில் இரு பங்கினரின் நன்றிதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பணியாளர்களை அவர்கள் உண்மையாகவே நேசித்தனர். உதவி செய்தவரின் நெஞ்சில் கருணை இருந்தது. பெற்றவரின் நெஞ்சில் நன்றி இருந்தது. இவ்விரண்டையும் பார்த்த எவரும், நம்மில் எவரும், பணி வென்றது என்றே தீர்மானித்திருப்போம். உதவியாளருக்குத் தம் உதவியை அளக்கக் கிடைக்கும் கருவிகள் பெரும்பாலும் இவ்விரண்டுமேயல்லவா?

நம் அறநூல்கள் வினையைக் கருத்தோடு சேர்த்து எடைபோடுவதை அறிவோம். பாவ ஹிம்சை, திரவிய ஹிம்சை என்னும் பாகுபாட்டைச் சொல்லிக்காட்டி, கருத்துத் தூயதாக இருந்தமையால் காபட்டுக்கும் அவர் பணியாளர்களுக்கும் குற்றம் இல்லை என்று முடித்துவிடலாம். அது சரியே, ஆனால் பாதி சரி. கருத்தின் தூய்மையில் விழிப்பும் அடங்கும். பிரமாதம், அஃதாவது கவனக் குறைவு, தானே ஹிம்சையின் வாயில் என்றுதான் நமக்குக் கற்பிக்கப்படுகிறது. நடக்கும்போது நிலத்தைப் பார்த்து நடவாதவனுக்கு, எறும்பின்மேல் எனக்குப் பகை இல்லை என்று கூறுவது விடையாகாது. இந்நோக்கில் பார்த்தால் காபட்டின் நாணயச் சுண்டலே அப்பணியின் மிகப் பெரிய அறச்செயல் என்று எனக்குத் தோன்றுகிறது. தம் அன்பு பலித்ததா இல்லையா என்பதைத் தம்மால் தீர்மானிக்க இயலாது என உணர்ந்து, பின்னால் வரும் ஒருவர் தம் பணி தவறிற்று என்று கூறவும் வழிவைத்துச் சென்றார் அல்லவா? அந்த ஒப்பீடு இல்லாதிருந்தால் அப்பணி இன்றும் புகழப்பட்டுக்கொண்டிருக்கும். பல ஊர்களில் அப்படியே பின்பற்றவும் பட்டிருக்கும்.

உளவியல் பயில்வதன் பெரும்பயன் இங்குதான் இருக்கிறது. பிறர் மனத்தைத் திறக்கும் சாவி என்று இளைஞர்கள் அதை நாடுகின்றனர். பயின்றபின் அது முதலில் திறப்பது பயின்றவரின் மனத்தையே. கார்ல் ராஜர்ஸ் (1902–1987) என்பவரின் வாழ்வில் இது தெளிவாகத் தெரிகிறது. வேளாண்மை படிக்கத் தொடங்கி, பிறகு கிறித்தவ சமயப் பணிக்கென நியூயார்க்கில் இறையியல் பயின்றவர் அவர். மக்கள் வாழ்வு மேம்பட உழைக்க வேண்டும், ஆனால் குறிப்பிட்ட ஒரு கொள்கையை நம்பியே ஆக வேண்டும் என்னும் கட்டுப்பாடுள்ள துறையில் இருக்க இயலாது என்று உணர்ந்து உளவியலுக்கு மாறினார். 1928 முதல் ராச்செஸ்டர் நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறுவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆலோசகராக இருந்தார். அங்கே, அடங்காத ஒரு சிறுவனின் தாயிடம், அவர் இளமையில் மகனைப் புறக்கணித்ததே சிக்கலின் வேர் என்பதைப் பல சந்திப்புகளில் பொறுமையாக உணர்த்த முயன்றார். பலிக்கவில்லை. முயற்சியைக் கைவிடுவோம் என்று இருவரும் ஒப்பினர். வாயில்வரை சென்ற அப்பெண்மணி திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவதுண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் வந்தமர்ந்து, தம் மணவாழ்வின் துயரைக் கொட்டினார். ராஜர்ஸ் அதுவரை வகுத்து வைத்திருந்த வரலாற்றில் இடம்பெறாத செய்திகள் அவை. எது வலிக்கிறது, எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை அறிந்தவர் எதிரே அமர்ந்திருப்பவரே என்னும் அவருடைய பிற்காலக் கொள்கைக்கு இது வித்தாயிற்று.

பின்னர் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரும் மாணவர்களும் ஆலோசனை உரையாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தனர். 1942இல் வெளிவந்த தம் நூலில் ஒருவருடன் நடந்த உரையாடல் முழுவதையும், ஆலோசகரின் பொருந்தாச் சொற்களையும் மறைக்காமல், அச்சிட்டார். அதுவரை அறைக்குள் நடந்ததைப் பெரும்பாலும் ஆலோசகரின் நினைவே சொல்லிவந்தது.

உளவியல் வழியைக் காட்டினாலும், எதை வளர்ச்சி என்பது, அதை யார் முடிவு செய்வது என்னும் வினாவை மெய்யியலிடம்தான் கேட்க வேண்டும். அடங்கிய மாணவன் வளர்ந்தவனா? பெற்றோர் விரும்பிய தொழிலை ஏற்றவள் வளர்ந்தவளா? நம் வீடுகளில் அறிவுரை என்னும் பெயரால் நடப்பதில் பாதி, பிறரை நம் அச்சத்துக்கு ஏற்ப வடிவமைப்பதே. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றாகிய ஸ்திதிகரணத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வாரிஷேண முனிவரின் கதையை நாம் அனைவரும் கேட்டிருப்போம். துறவு பூண்டும் மனைவியின் நினைவால் உள்ளம் வாடிய நண்பரை அவர் கடிந்துரைக்கவில்லை. தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். மகன் துறவில் தளர்ந்தானோ என்று ஐயுற்ற தாய் சேலினி இரு வகை ஆசனங்களை இட்டபோது, எளியதில் அமர்ந்தார். தாம் துறந்த மனைவியரை அணிகலன்களோடு வரச்செய்து, இவர்களையும் இவ்வரசுரிமையையும் நீர் ஏற்றுக்கொள்ளும் என்றார். நண்பர் நாணினார், தாமே தெளிந்தார். கதையில் என்னைக் கவர்வது, போகும் வழி முனிவருக்குத் தெரிந்திருந்தும் அடியெடுத்து வைக்கும் வேலையை நண்பரிடமே விட்டது. அந்த நண்பர் அரசுரிமையை ஏற்றுக்கொண்டிருக்கவும் கூடும். அந்த இடர்ப்பாட்டுக்கு முனிவர் அஞ்சவில்லை.

ஆதலால் இப்படிப்பை நாடும் பிள்ளையிடம், உன் உதவி பலிக்கவில்லை என்பதை உனக்குச் சொல்லப்போகிறவர் யார் என்று பெற்றோர் கேட்கலாம். மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பணி பயிலும் வாய்ப்பு உள்ள கல்லூரியையே தேர்வதும் இதனால்தான் முதன்மையாகிறது. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவைக் கேட்பதும் வெறும் அலுவலகச் சடங்கு அன்று. வருவாயைப் பற்றிய வினாவையும் ஒதுக்க வேண்டியதில்லை; முறையான ஊதியம் பெறுபவருக்கு, உதவி பெற்றவரின் நன்றியைக் கூலியாக எதிர்பார்க்கும் தேவை சற்றுக் குறைவாகவே இருக்கும்.