மூக்கு நீதிபதி ஆகுமா?

பணி ஓய்வு பெற்றவர்களும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வாய்ப்புள்ளவர்களும் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குக் குடிபெயர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்காக வரும் மனை விளம்பரங்கள் தென்னந்தோப்பைக் காட்டும், மலையைக் காட்டும், தூய காற்றைப் பற்றிப் பேசும், எருக்குழியைக் காட்டுவதில்லை. வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் மற்றது தெரியவரும்: மழை நாளில் கோழிப்பண்ணையிலிருந்து வரும் கார நெடி, உழவுக்கு முன்பு வயலில் இறைத்த தொழுவுரத்தின் வாடை, ஆட்டுக்கிடை போட்ட நிலத்தின் மூத்திர வாடை, சேலம் நாமக்கல் பக்கமென்றால் மரவள்ளி அரைக்கும் சேகோ ஆலைக் கழிவுநீரின் புளித்த நாற்றம். இதையெல்லாம் சமாளிக்க வேலியோரம் மரம் வளர்க்கலாம், காற்று வரும் திசை பார்த்து ஜன்னல் வைக்கலாம். அந்த யோசனைகளுக்கு முன்னால் ஓர் அறக்கேள்வி நிற்கிறது. ‘என்னால் இதைத் தாங்க முடியவில்லை’ என்று ஒருவர் சொல்வதாலேயே பக்கத்துத் தோட்டக்காரர் குற்றவாளி ஆகிவிடுவாரா? ஆகமாட்டார் என்பதுதான் என் வாதம். அருவருப்பை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. குற்றமா இல்லையா என்று பார்ப்பதற்கு வேறோர் அளவுகோல் வேண்டும். அது அந்த வாடைக்கு மிக அருகில் நின்று வேலை செய்கிறவரிடம் இருக்கிறது.

முதலில், மூக்கு எவ்வளவு நம்பத்தக்க சாட்சி என்று பார்ப்போம். மல்லிகையின் மணத்தைத் தரும் வேதிப்பொருள்களில் ஒன்று இண்டோல். மலத்தின் நாற்றத்திலும் அதே இண்டோல் உண்டு. அளவும் கூடவரும் பொருள்களும் மாறும்போது ஒன்று தலையில் சூடப்படுகிறது, மற்றொன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. ரேச்சல் ஹெர்ஸ் என்ற உளவியலாளர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே அமிலக் கலவையை ஒருமுறை பார்மெசான் பாலாடைக்கட்டி என்றும் மறுமுறை வாந்தி என்றும் சொல்லி முகரக் கொடுத்தார்கள். பெயர் மாறியதும் பிடித்தது பிடிக்காததாயிற்று. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மொனெல் ஆய்வு மையத்தில் பமீலா டால்டன் நடத்திய சோதனைகளும் இதையே வேறு வழியில் காட்டின. முகரும் பொருள் உடலுக்குக் கெடுதல் என்று நம்பவைக்கப்பட்டவர்களுக்கு நேரம் ஆக ஆகவும் வாடை குறைந்ததாகத் தோன்றவில்லை. அது இயற்கைச் சாறு என்று சொல்லப்பட்டவர்களுக்கு மூக்கு விரைவில் பழகிவிட்டது. நாம் முகர்வதில் பாதி காற்றில் வருகிறது, மீதி நம் எண்ணத்தில் இருக்கிறது என்றாகிறது. பக்கத்துத் தோட்டக்காரரை ஏற்கெனவே பிடிக்காதவருக்கு அவர் வீட்டு எருக்குழி கூடுதலாகவே நாறும்.

மூக்கு தேவையில்லாமல் அலறுவதோடு, அலற வேண்டிய இடத்தில் மௌனமாகியும் விடுகிறது. சாணக் குழம்பு தேங்கும் மூடிய தொட்டியிலும் சாக்கடைக் குழியிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உருவாகும். மிகக் குறைந்த அளவில் அது அழுகிய முட்டையாக நாறும். ஆளைக் கொல்லும் அளவை நெருங்கும்போது முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் மேலே வருவதில்லை. ஆகவே நாற்றம் இருப்பதால் தீங்கு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, நாற்றம் இல்லாததால் தீங்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட சாட்சியை விசாரிக்கலாம். நீதிபதி இருக்கையில் உட்கார வைக்கக் கூடாது.

மேலைத் தத்துவவாதிகள் பெரும்பாலும் மூக்கை மதித்ததில்லை. காண்ட் 1798இல் வெளியிட்ட மானுடவியல் நூலில் ஐம்புலன்களிலும் நன்றி கெட்டது, இல்லாவிட்டாலும் குறையில்லாதது என்று முகர்தலைத்தான் சொன்னார். ஆனால் அவர் வைத்த ஒரு காரணம் கிராமத்துக்குப் புதிதாக வந்தவருக்குச் சாதகமானது. பார்க்கப் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மூச்சை நிறுத்த முடியாது. வாடை பிறர்மேல் திணிக்கப்படுகிறது, எனவே அது சுதந்திரத்துக்கு விரோதமானது என்றார். இது வலுவான வாதம்தான். ஆனால் அவர் வேறொரு நூலில் காட்டிய உதாரணம், வாசனை பூசிய கைக்குட்டையைச் சபையில் எடுத்து உதறும் மனிதர். அது ஒருவரின் ஆடம்பரம். எவருக்கும் அதனால் பயன் கிடையாது. எரு அப்படியா? அந்த வாடையைத் தாங்க முடியாதவர் வீட்டுச் சோற்றிலும் பாலிலும் முட்டையிலும் அதன் பயன் இருக்கிறது. திணிப்பு என்று பேசுவதானால், தன் உணவு உருவாகும் சிரமத்தை முகம் தெரியாத ஒருவர்மேல் இத்தனை நாள் திணித்திருந்ததையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நம் நாட்டுத் தரிசனங்கள் இதை வேறு விதமாக அணுகின. ஐம்பூதங்களில் மணம் நிலத்துக்கே உரிய சிறப்புக் குணம் என்று வைசேஷிகம் வகுத்தது. மற்ற பூதங்களில் வாசனை தெரிந்தால் மண்ணின் துகள் அதில் கலந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கின்படி மண்ணைத் தேடி வந்துவிட்டு வாடை கூடாது என்பது முரண். பௌத்தம் இன்னும் நுட்பமான ஒரு வேறுபாட்டைச் செய்தது. துன்பப்படும் மனிதர்மேல் இரண்டு அம்புகள் தைக்கின்றன: உடல் உணரும் வலி முதல் அம்பு, அதைப் பற்றிய புலம்பலும் வெறுப்பும் இரண்டாவது. கோழி எருவின் நெடி முதல் அம்பு. ‘வேண்டுமென்றே செய்கிறான்’, ‘இந்த ஊர்க்காரர்களுக்குச் சுத்தமே தெரியாது’ என்று மனத்தில் ஓடும் வசனம் இரண்டாவது. முதலாவதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். இரண்டாவதை எய்வது நாமே. அன்றாட வழிபாட்டில் சாணத்துக்கு நாம் தந்திருக்கும் இடத்தையும் நினைத்துப் பார்க்கலாம். நெற்றியில் இடும் திருநீறு பசுஞ்சாணத்தைச் சுட்ட சாம்பல். மார்கழி வாசலில் பூசணிப் பூவைத் தாங்குவது சாண உருண்டை. அறுகம்புல் செருகினால் அதுவே பிள்ளையார். சாணத்தை இவ்வளவு தூரம் தெய்வமாக்கியவர்கள், அது குவியலாகப் பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும்போது மட்டும் பஞ்சாயத்துக்கு மனு எழுதினால், அந்தப் பக்தியில் உழைப்புக்கு இடமில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

உண்மையில் இந்தச் சமூகத்தில் மூக்கு நெடுங்காலம் நீதிபதியாக இருந்து பார்த்திருக்கிறது. அதன் தீர்ப்புகள் நமக்குத் தெரியும். செத்த மாட்டை அகற்றியவர்கள், தோல் பதனிட்டவர்கள், மலம் அள்ளியவர்கள் எல்லோரும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். வேலை நாறியது, ஆகவே அதைச் செய்த மனிதர் தீண்டத்தகாதவர் என்று தீர்ப்பாயிற்று. அந்த வேலையின் பயன் மட்டும் ஊருக்குள் தடையின்றி வந்தது. செருப்பாகவும் பறையாகவும் சுத்தமான தெருவாகவும் வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன. அதற்குப் பிறகும் சாக்கடைக் குழியில் மனிதர்கள் சாகிறார்கள். இந்த வரலாறு உள்ள நாட்டில் ‘நாற்றம் பிடித்த வேலை’ என்ற சொற்றொடரை அலட்சியமாகப் பயன்படுத்த முடியாது. கிராமத்துக்கு வரும் நகரவாசி சாதி பார்க்காதவராகவே இருக்கலாம். ஆனால் பயன் இங்கே, வாடை அங்கே என்று தூரத்தைக் கேட்கும்போது, தான் அறியாமல் அந்தப் பழைய ஏற்பாட்டைத்தான் புதுப்பிக்கிறார்.

அதனால்தான் அளவுகோலை மாற்ற வேண்டும் என்கிறேன். ஒரு வாடை தீங்கானது என்றால் அது முதலில் யாரைத் தாக்கும்? நானூறு அடி தள்ளி மாடியில் உட்கார்ந்திருப்பவரை அல்ல; கொட்டகைக்குள் எரு வாருகிற பெண்ணை, தொட்டியில் இறங்குகிற ஆளை. அவர்களுடைய கண் எரிச்சலையும் இருமலையும் கூலியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுப்பப்படும் புகார் நீதியைக் கேட்கிறது. அவர்களை விட்டுவிட்டு, ‘இதை எங்கள் மூக்குக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோங்கள்’ என்னும் புகார் தன் ரசனையை மட்டும் பேசுகிறது. முதல் புகாரின் முடிவில் பண்ணை திருந்தும். இரண்டாவதன் முடிவில் பண்ணை இடம் மாறும். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றும் மாறாது.

இதற்கு முதல் மறுப்பு இரு பக்கத்திலிருந்தும் ஒரே வடிவில் வரும்: யார் முதலில் வந்தார்கள் என்று பார்த்தால் போதுமே. பண்ணை முன்பே இருந்தால் புதியவர் பொறுத்துக்கொள்ளட்டும், வீட்டுக்காரர் முன்பே இருந்தால் பண்ணை வாயை மூடட்டும். இந்தக் கணக்கை நீதிமன்றங்கள் பல விதமாகப் போட்டுப் பார்த்திருக்கின்றன. பிற்பாடு குடிவந்தவர் என்பதற்காக ஒருவரின் புகாரைத் தள்ள முடியாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1879இலேயே சொல்லிவிட்டது. பிரான்ஸ் எதிர்த்திசையில் போனது. 2021 ஜனவரியில் நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் பாரம்பரியமாக அங்கீகரித்துச் சட்டம் இயற்றியது. 2024இல், முன்பே நடந்துவரும் தொழில்மேல் பின்னால் வந்தவர் வழக்குப் போடுவதைச் சிவில் சட்டத்திலேயே கட்டுப்படுத்தியது. அமெரிக்காவின் அரிசோனா உச்ச நீதிமன்றம் 1972இல் தந்த தீர்ப்பு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்துக் கொழுக்கவைக்கும் பட்டி ஒன்று இருந்தது. டெல் வெப் நிறுவனம் பணி ஓய்வு பெற்றவர்களுக்கான சன் சிட்டி என்ற ஊரை அதை நோக்கி விரித்துக்கொண்டே வந்தது. பிறகு நாற்றம் என்று வழக்குப் போட்டது. பட்டி இடம் மாற வேண்டும், அதற்கான செலவை மனை விற்ற நிறுவனம் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். யார் முன்னால் என்ற கேள்விக்கு எடை உண்டு என்பதை இது காட்டுகிறது. ஆனால் பணத்தை யார் தர வேண்டும் என்பதைத்தான் அது முடிவு செய்தது, மனிதர்கள் துன்பப்படலாமா என்பதை அல்ல.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. ‘அருவருப்பைப் பொருட்படுத்தாதே’ என்ற உபதேசம் பெரிய நிறுவனங்களின் காதுக்கு இனிமையாக விழும். உண்மையாகவே பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்க உதவும். இந்த அச்சம் கற்பனை அல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் பன்றிக் கழிவைத் திறந்த குட்டைகளில் தேக்கி வயல்களில் பீய்ச்சும் பண்ணைகளுக்கு அருகே வாழ்ந்தவர்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் பலர் பண்ணைகள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்தவர்கள். 2018இல் ஜூரிகள் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர். மாநிலச் சட்டமன்றமோ இத்தகைய வழக்குகளையே தொடர முடியாதபடி ‘விவசாய உரிமை’ச் சட்டத்தை இறுக்கியது. சிறு உழவரின் பெயரால் வந்த பாதுகாப்பு ஆலை அளவிலான நிறுவனத்துக்குக் கேடயமானது. நம் நாட்டிலும் ரத்லாம் நகராட்சி வழக்கில், சாக்கடை நாற்றத்தில் வாழ்ந்த மக்களின் புகாரை ஏற்று, நிதி இல்லை என்பது சாக்கு ஆகாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் சொல்லியது. நான் முன்வைக்கும் அளவுகோல் இந்த மக்களைக் கைவிடுவதில்லை. வட கரோலினா மக்களும் ரத்லாம் மக்களும் வாடைக்கு அருகிலேயே வாழ்ந்தவர்கள். வேறிடம் போக வழியில்லாதவர்கள். ‘அருகில் நிற்பவரைக் கேள்’ என்னும் விதி அவர்கள் சொல்லுக்குத்தான் முதல் இடம் தருகிறது. குரல் உள்ளவர் முகம் சுளிப்பதையும் போக்கிடம் இல்லாதவர் மூச்சுத் திணறுவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

கடைசி மறுப்பு எளியது, நியாயமானது: தீங்கு என்று நிரூபிக்க முடியாவிட்டாலும் அசௌகரியம் அசௌகரியம்தானே, அதற்கு மதிப்பே இல்லையா? உண்டு. ஆனால் அது குற்றச்சாட்டுக்குப் போதாது; வேண்டுகோளுக்குப் போதும். அந்த வேண்டுகோளில் உழவருக்கும் லாபம் இருக்கிறது. மாட்டு மூத்திரத்தில் உள்ள யூரியாவும் கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலமும் சிதைந்துதான் அம்மோனியா எழுகிறது. மூக்கை எரிக்கும் அந்த நெடி, பயிருக்குப் போயிருக்க வேண்டிய தழைச்சத்து காற்றில் கரைவதன் அறிகுறி. எருக்குழியில் காய்ந்த சருகும் வைக்கோலும் கலந்து மூடினால் வாடை குறையும், உரமும் தேறும். கோழி எருவை ஈரம் படாமல் காத்தாலும் அப்படியே. சாண எரிவாயுக் கலன் வைத்தால் அடுப்பும் எரியும். இவற்றுக்கெல்லாம் ஆளும் பணமும் வேண்டும். நல்ல காற்றுக்காக நிலத்துக்கு அதிக விலை கொடுக்கத் தயாராக இருந்தவர், அந்தக் காற்றைச் சீராக்கும் செலவில் பங்கு தருவதுதான் முறை. இயற்கை வேளாண் காய்கறியை விரும்பி வாங்குகிறவருக்கு இதில் கூடுதல் கடமை உண்டு: மூட்டை யூரியாவுக்கு வாடை மிகக் குறைவு, தொழுவுரமும் பஞ்சகவ்யமும் மீன் அமிலமும்தான் நாறும். ரசாயனமும் கூடாது, எருவின் வாடையும் கூடாது என்பவர், பயிர் எதைத் தின்று வளர வேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

கிராமத்துக்குக் குடிபோகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். புகார் மனுவில் கையெழுத்திடும் முன் அந்தக் கொட்டகைக்கு நேரில் போங்கள். உள்ளே வேலை செய்கிறவர்களிடம் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, கையுறைகூடக் கிடையாது என்று அவர்கள் சொன்னால் அவர்களுக்காகவும் சேர்த்து மனு எழுதுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரை கொண்டுபோங்கள். அப்படி எதுவும் இல்லை, வேலை நேரத்து வாடைதான் என்றால், மனுவைக் கிழித்துவிட்டு எருக்குழிக்குச் சருகு கொண்டுபோய்க் கொடுங்கள்.