யார் இறங்குவது?

செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும் பெரிய எஸ்யூவிக்கு இரண்டு பிறவி. முதல் ஓனருக்கு அது சர்வீஸ், இன்சூரன்ஸ், இஎம்ஐ. இரண்டாவது ஓனருக்கு அது பல வருட ஆசை. ஃபோர்டு எண்டேவரையே எடுத்துக்கொள்வோம். சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தயாரான வண்டி. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. புதுசு வராது என்றான பிறகும் பழசின் மேல் இருக்கும் மோகம் போகவில்லை. அரூர் மாதிரி ஊரில் அப்படி ஒன்றை வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனால், ஆயில் மாற்றுவதற்கு முன்பே கேள்வி வரும்: "எத்தன இன்ச் தூக்கலாம்ணா?"

அது ஏற்கெனவே தரையிலிருந்து 225 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கிற வண்டி. 800 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரிலும் போகும் என்று கம்பெனியே சொன்னது. அதற்கு மேல் இரண்டு இன்ச் எதற்கு?

"நம்ம ஊர் ரோடு அப்படி" என்பது முதல் பதில். பொய் இல்லை. அரூரிலிருந்து சித்தேரி மலைப்பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தர்மபுரி மாவட்ட மலைக்கிராமங்களில் பாதை சரியில்லாமல் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாமே படித்திருக்கிறோம். ஆனால் மலைக்குத் தினமும் ஆளையும் மரவள்ளி மூட்டையையும் ஏற்றிப்போகும் பழைய ஜீப்பும் பிக்கப்பும் பெரும்பாலும் கம்பெனி கொடுத்த உயரத்திலேயே ஓடுகின்றன. தூக்கிய வண்டி அதிகம் கண்ணில் படுவது டவுனுக்குள், சேலம் மெயின் ரோட்டில்.

"ஸ்டாக் ஹைட்ல கெத்து இல்ல" என்பது இரண்டாவது பதில். இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. நம் பக்கத்தில் பலருடைய தாத்தாக்கள் ஆதிக்க சாதித் தெரு வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டவர்கள். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து போகவே உரிமை இல்லாதவரின் பேரன் இன்றைக்கு ஊரிலேயே உயரமான சீட்டில் உட்கார்ந்து அதே தெரு வழியாகப் போகிறான் என்றால், அதை வெறும் பந்தா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதேசமயம், வண்டியைத் தூக்குகிற எல்லோருக்கும் இந்த வரலாறு கிடையாது. அந்தத் தெருவை ஆண்டவரின் பேரனும் அதே லிஃப்ட் கிட்டைத்தான் மாட்டுகிறான்.

மூன்றாவது பதில்தான் வலுவானது: "என் வண்டி, என் காசு. உனக்கென்ன?"

எனக்கு என்ன என்று பார்ப்போம். நாங்கள் மென்பொருள் எழுதும்போது ஒரு வழக்கம் உண்டு. ஒரு நிரலின் உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் மற்ற நிரல்கள் வந்து தொடும் இடத்தை, இன்டர்ஃபேஸை, யாரையும் கேட்காமல் மாற்றக் கூடாது. அந்த இடம் எப்படி இருக்கும் என்று நம்பித்தான் மற்றவர்கள் தங்களுடையதைக் கட்டியிருக்கிறார்கள். வண்டியின் சீட் கவரும் ஸ்பீக்கரும் உள் விஷயம். உயரம் அப்படியில்லை. பம்பர் எந்த உயரத்தில் இருக்கும், ஹெட்லைட் எந்தக் கோணத்தில் விழும், டிரைவருக்கு எது தெரியும் என்பதெல்லாம் எதிரே வருபவரோடு நாம் பேசாமலே செய்துகொண்ட ஒப்பந்தம்.

இரண்டு இன்ச் தூக்கினால் அதில் ஒவ்வொன்றும் மாறுகிறது. சின்னக் காரோடு மோதினால், மோதலைத் தாங்கச் செய்த பாகத்துக்கு மேலே போய் இடிக்க வாய்ப்பு அதிகம். ஹெட்லைட்டைத் திரும்பச் சரிசெய்யாவிட்டால், இரவில் எதிரே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். 265/60 டயருக்குப் பதில் 265/70 மாட்டினால், 18 இன்ச் ரிம்மில் சுற்றளவு கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடும். மீட்டர் திருத்தப்படவில்லை என்றால் அது 80 காட்டும்போது முன்னைவிடக் கூடுதலாக 5 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்போம். வண்டி கவிழுமா என்பதைக் கணிக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். விடை குறையக் குறைய ஆபத்து. வண்டியைத் தூக்குகிறவர், அகலத்தை அப்படியே விட்டுவிட்டு உயரத்தை மட்டும் கூட்டுகிறார். மஞ்சவாடி கணவாய் வளைவில் அந்தக் கணக்கு வேலை செய்யும்.

நடந்து போகிறவர் நிலைமை இன்னும் மோசம். பானட் உயரம் 40 இன்ச்சுக்கு மேல் உள்ள வண்டி பாதசாரிமீது மோதினால், 30 இன்ச்சும் அதற்குக் கீழும் சரிவான முகப்பும் கொண்ட வண்டியைவிட உயிர்ப்பலிக்கான வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் அமைப்பு 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தூக்காத பெரிய வண்டிகள் பலவே அந்த 40ஐத் தொடுபவை.

சட்டம் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சி புக்கில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் பிடிப்பாரா என்பது வேறு கேள்வி. யாரும் பிடிக்காத ஊரிலும் எதிரே ஒருவர் வந்துகொண்டுதான் இருப்பார்.

அந்தப் பழைய தெருவில் நடந்த அநியாயம் என்ன? ஒருவர் உயரத்தில் இருந்தது மட்டும் அநியாயமாகிவிடாது. அவர் இருக்கிறார் என்பதற்காக இன்னொருவர் இறங்க வேண்டியிருந்ததே, அதுதான். இன்றைக்கு ஒற்றைத் தார் ரோட்டில் தூக்கிய வண்டி ஹைபீமோடு வரும்போது, எதிரே எக்ஸ்எல்லில் மனைவியையும் அரிசி மூட்டையையும் ஏற்றி வருபவர் தாருக்கு வெளியே மண்ணில் இறங்குகிறார். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. சொல்லாமலே இறங்குகிறார். தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட மரியாதையைப் பேரன் திரும்ப வாங்குவது நியாயம். ஆனால் அந்த விலையை எக்ஸ்எல்காரர் கொடுக்கக் கூடாது.

உயரமே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் தேரைவிட உயரமான வண்டி எது? ஆனால் அது நடைவேகத்தில் வரும். வருவது தெருவுக்கே முன்கூட்டித் தெரியும். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு ஆட்கள் நடந்து வருவார்கள். அவ்வளவு உயரத்தை நகர்த்த அவ்வளவு கவனம் தேவை என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது.

லிஃப்ட் கிட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம். இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்காருங்கள். வீட்டில் ஒன்றாவது படிக்கும் குழந்தை இருந்தால் பானட்டை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக முன்னால் நடக்கச் சொல்லுங்கள். தலை எத்தனையாவது அடியில் கண்ணுக்குத் தெரிகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணோடு இன்னும் எத்தனை அடி சேரலாம் என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.