தன்னுயிர்க்கு இரங்குதல்

எவ்வுயிர்க்கும் இரங்குதல் சைவசமயிகளுக்கு இன்றியமையாத ஒழுக்கமென்று நாம் பாலர்க்குப் போதித்து வருகின்றோம். எறும்பை மிதியாதே, நாய்மேற் கல்லெறியாதே, இரப்பவனை இகழாதே என்கின்றோம். அவ்வுயிர்களுள்ளே அப்பாலனுடைய சொந்தவுயிரும் ஒன்றென்பதை யாரேனும் அவனுக்கு உணர்த்தினரோ? உணர்த்தாமையின் விளைவை வகுப்பறையிலே நாடோறுங் காண்கின்றோம்.

வகுத்தற் கணக்கொன்றிற் பிழைத்த சிறுவன், தாள் கிழியுமளவும் அழித்தழித்து எழுதி, ஈற்றில் “நான் மொக்கன்” என்று கொப்பியை மூடிவிடுகின்றான். அருகிலிருக்குந் தோழன் பிழைத்திருப்பின் அவனை அவ்வாறு சொல்ல நாக்கூசுவான். தன்னைச் சொல்லக் கூசுகின்றிலன். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்த பத்து வயதுப் பிள்ளைகள், குற்றஞ் செய்தாரைப்போல உறவினர் முகத்தில் விழிக்க அஞ்சுதலையும் நாம் அறிவோம்.

இது வெறுந் துக்கமென்று ஒதுக்கற்பாலதன்று. சித்தாந்த நோக்கிற் பார்க்குமிடத்து, இது பிழைபட்ட அறிவுமாம். மலம், செம்பிற் களிம்புபோலவும் நெல்லில் உமிபோலவும் உயிரை அநாதியே பற்றி நிற்பினும், உயிர் மலமாகாது. “இக்கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை” என்னும் பிள்ளை மெய் சொல்லுகின்றது. “நான் மொக்கன்” என்னும் பிள்ளையோ களிம்பையே செம்பென்கின்றது. இவ்விரண்டு வாக்கியங்களுக்குமுள்ள வேறுபாட்டைக் காட்டுதல் சமயபாட வேளைக்கு மாத்திரம் உரியதன்று. கணிதபாட வேளைக்கே அது பெரிதும் வேண்டும்.

இவ்விரக்கம் சோம்பலை வளர்க்குமே எனச் சிலர் வினாவுவர். தன் துன்பத்தையே பாராட்டி முயற்சியைக் கைவிடுதல் உலகவழக்கிலே தன்னிரக்கமெனப்படும். அதனை யாம் கூறினேமல்லேம். நோயுற்ற தம்பிக்குத் தமையன் கசப்பு மருந்தையும் அன்போடு ஊட்டுதல்போல, தன் பிழையைத் தானே அன்போடு நோக்கித் திருத்துதலையே கூறினேம். தன்னை இகழும் பிள்ளை பிழையை மறைக்கும். மறைத்த பிழையை எவ்வாசிரியர் திருத்த வல்லார்?

இவ்விகழ்ச்சிச் சொற்களைப் பிள்ளைகள் தாமே ஆக்கிக்கொண்டாரல்லர். சொல்ல நாணுகின்றேம், பெரும்பாலும் நம் வாயினின்றே கற்றனர். நன்னூற் பொதுப்பாயிரத்திற் கடைமாணாக்கர்க்கு எருமை உவமை வந்ததை ஆதரவாகக் கொண்டு, மெல்லக் கற்கும் பிள்ளையை “எருமை” என்று விளிப்பாரும் உளர். அவ்வுவமை, குளத்தைக் கலக்கி நீருண்ணும் எருமைபோல ஆசிரியரைக் கலக்குவானைக் குறித்தது. மெல்லக் கற்பவனைக் குறித்ததன்று. அன்றியும், அப்பாயிரமே ஆசிரியராகாதார்க்கும் நான்கு உவமை கூறுகின்றது. அவற்றுள் ஒன்று மடற்பனை: பிறரை அணுகவொட்டாது, தானாக விழும் பழத்தை மாத்திரந் தருவது. யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. நல்லாசிரியர்க்கு முதற்கண் வைத்த உவமையோ பொறுமையுடைய நிலம்.

செய்யத்தக்கது பெரிதொன்றுமன்று. கொப்பியை மூடிய பிள்ளையை அருகழைத்து, “இப்பிழையை உன் தம்பி விட்டிருந்தால் அவனுக்கு என்ன சொல்லுவாய்?” என்று வினாவுக. பிள்ளை சற்றே மௌனமாயிருந்து, “இன்னொருமுறை செய்து பார் என்பேன்” என்னும். “அதனை உனக்குச் சொல்” என்க. பொய்ப்புகழ்ச்சி வேண்டா, பிள்ளைகள் அதனை எளிதிற் கண்டுகொள்வர். பாடத்துக்கு அஞ்சுகின்ற பிள்ளை தன் அச்சத்தை வாய்விட்டுச் சொல்ல இடங்கொடுத்தலும், கரும்பலகையில் நாம் பிழைக்குமிடத்து அதனை மறையாது திருத்திக் காட்டுதலும் இவ்வினாவினும் மிகுந்த பயன் தரும்.

விசயதசமியன்று ஏடு தொடக்கும்பொழுது, குழந்தையின் விரலைப் பற்றி, தட்டிற் பரப்பிய அரிசியிலே எழுதுவிக்கின்றோம். எழுத்துக் கோணினும் ஒருவரும் நகைப்பதில்லை. அரிசியைக் கையால் நிரவி மறுபடியும் எழுதுவிக்கின்றோம். அக்குழந்தையே சில ஆண்டு கழிந்தபின் நம் வகுப்பின் கடைசி வாங்கில், கொப்பியை மூடிக்கொண்டு இருக்கின்றது.