ஒட்டகச்சிவிங்கியின் உறக்கம்

1651 இல் வெளிவந்த 'லெவியாதன்' என்னும் நூலில், மனிதர் ஒருவரையொருவர் எவ்வளவுக்கு நம்புகின்றனர் என்பதற்குத் தோமஸ் ஹொப்ஸ் உறக்கத்தையும் ஒரு சான்றாகக் காட்டினார். சட்டமும் காவலும் நிலவும் நாட்டிலும், உறங்கச் செல்லுமுன் மனிதன் கதவைப் பூட்டிக்கொள்கின்றான் அன்றோ என்பது அவர் வாதம். பூட்டுவதற்குக் கதவில்லாத உயிர்களின் நிலை யாது?

ஆபிரிக்கப் புல்வெளியில் வாழும் ஒட்டகச்சிவிங்கி பெரும்பாலும் நின்றவாறே கண்ணயர்கின்றது. ஆழ்ந்த உறக்கத்திற்கோ அது கால்களை மடக்கிப் படுத்து, நெடுங்கழுத்தைப் பின்புறமாக வளைத்துத் தலையைத் தன் பின்னுடலின் மீது சாய்த்தல் வேண்டும். அந்நிலையில் சிங்கம் நெருங்கின் விரைந்தெழுதல் அரிது. அச்சத்தினாலேயே அது குறைவாக உறங்குகின்றது எனப் பலரும் கூறுவர்.

இக்கூற்று முற்றிலும் பொருந்துமா? மிருகக்காட்சிச்சாலையொன்றில் 152 இரவுகள் எட்டு விலங்குகளை நோக்கி, இரீன் டொப்லர் என்பாரும் அவர்தம் துணையாய்வாளரும் 1996 இல் வெளியிட்ட முடிவின்படி, குட்டி நீங்கலாக ஏனையவை நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 மணி நேரமே உறங்கின. அதுவும் பெரும்பாலும் பதினொரு நிமிடத்திற்கும் குறைந்த துண்டுகளாகவே அமைந்தது. கனவோடு தொடர்புறுத்தப்படும் உறக்கம் அதில் 4.7 சதவீதம் மட்டுமே. கால் மணி நேரமும் தேறாது. சிங்கம் இல்லாத இடத்திலும் உறக்கம் நீளவில்லை. நெடுநேரம் தழை மேய்ந்து அசைபோடவேண்டிய உடலின் இயல்பும், தலைமுறை தலைமுறையாக வந்த விழிப்பும் இதில் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று.

இங்கேதான் அறவினா எழுகின்றது. வேலிக்குள் உணவுண்டு, பகையில்லை. ஆகவே விலங்கு இழந்தது யாது என்பர் ஒருசாரார். அமைதியான உறக்கத்தை நல்வாழ்வின் அளவுகோலாக்கும் இவ்வாதம் வலுவற்றது, சிறைப்பட்டவனும் உறங்குகின்றான். காட்டின் விடுதலையைப் போற்றுவோரோ, அவ்விடுதலையில் குட்டிகள் பல சிங்கத்திற்கு இரையாவதை வசதியாக மறந்துவிடுகின்றனர். (மனிதன் தன் குழந்தைக்கு அத்தகைய விடுதலையை விரும்பான்.) இரு சாராரும் விலங்கின் பொருட்டுப் பேசுவதாக எண்ணிக்கொண்டு தத்தம் விருப்பையே பேசுகின்றனர் எனலாம்.

ஆயினும் சிங்கத்திற்கும் வேலியிட்டவனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிங்கம் எவ்வித வாக்கும் அளிக்கவில்லை. வேலியிட்டவனோ, தப்பியோடும் ஆற்றலை விலங்கினிடமிருந்து பறித்த கணத்திலேயே அதன் காவலை ஏற்றுக்கொண்டவனாகின்றான். பின்னுடலில் தலைசாய்த்துக் கிடக்கும் அச்சில நிமிடங்களுக்கு உலர்ந்த மெத்தென்ற தரையும், பார்வையாளர் ஆரவாரமற்ற இரவும் வேண்டும். அவற்றை அவன் அளித்துள்ளானா என்பதே அவனிடம் முதலிற் கேட்கற்பாலது.