வெட்டும் பழமும்

தாய ஆட்டத்திலே குறுக்குக் கோடிட்ட கட்டத்தில் நிற்கும் காயை எவரும் வெட்ட முடியாது. அங்கேயே தங்கிவிடுவது அறிவுடைமை போலத் தோன்றும். ஆனால் பல ஊர்களில் ஒரு விதி உண்டு: எதிரியின் காயொன்றையேனும் வெட்டாதவன் உட்கட்டங்களில் நுழைய முடியாது. அஞ்சி நிற்பவனுக்குப் பழம் இல்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காயை நகர்த்துவதும் வீரமன்று. பின்னால் வரும் காய் எத்தனை கட்டம் தள்ளி நிற்கிறது, அத்தொகை விழுவது எளிதா, வெட்டுண்டால் எவ்வளவு தூரம் வீணாகும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புறப்பட்ட காய்க்கு நட்டம் சிறிது. பழத்தை நெருங்கிய காய்க்கோ பெரிது. நன்கு எண்ணி ஆடியவனைப் பின்னர் விழுந்த தொகையைக் காட்டிப் பழிப்பது நியாயமாகாது.

ஆட்டத்தில் வெட்டுண்ட காய் இன்னொரு தாயம் விழுந்தால் மீண்டும் ஏறும். வாழ்க்கை அப்படியன்று. தோட்டத்தில் வேலை பறிக்கப்பட்டவன் லயத்து அறையையும் இழந்தான். இதை அறிந்தே 1940இல், எல்லவும் பதுளையும் அடங்கிய ஊவாவில், வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தாம் தேர்ந்த குழுவைக் கலந்தே நடக்கத் துரையை இணங்கச் செய்தனர்.

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இதைக் காட்டி, "போராடி என்ன கண்டார்கள்?" என்று கேட்பவர்கள் ஒன்றை எண்ணட்டும்: அச்சட்டம் வேலைநிறுத்தம் செய்தவனையும் ஒதுங்கி நின்றவனையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒதுங்கியவன் காவலென்று நம்பிய கட்டத்தின் கோட்டையே அது அழித்துவிட்டது.

கோடு வரைபவன் வேறொருவனாக இருக்கும்வரை எந்தக் கட்டமும் நிலையான காவலாகாது. அசையாதிருப்பதும் ஓர் ஆட்டமே; அதன் நட்டத்தையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.