சந்தேகத்தின் பயன் யாருக்கு?

செல்வன் ஒருவன் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பதைக் காணும்போது நமக்குள் ஒருவகை மகிழ்ச்சி எழுவதை மறைப்பதற்கில்லை. நீதியின் மீதுள்ள பற்று மட்டுமே அம்மகிழ்ச்சிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நெடுநாட் கணக்கு ஒன்று தீர்க்கப்படுகிறது என்ற உணர்வும் அதிற் கலந்திருக்கிறது. பார்பே ஷ்றோடர் நெறியாள்கை செய்து 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ‘றிவேர்சல் ஒவ் போர்ச்சூன்’ என்ற அமெரிக்கத் திரைப்படம் இவ்வுணர்வைத் தூண்டியே தொடங்குகிறது. பின்னர் அதனை நிறைவுசெய்ய மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பினாலேயே அப்படம் சிந்தனைக்குரியதாகிறது.

கதை கற்பனையன்று. றோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் நகரில், கடலை நோக்கிய மாளிகையொன்றில் வாழ்ந்தவர்கள் கிளாஸ் வொன் பூலோவும் அவர் மனைவி சனியும். செல்வம் மனைவிக்கு உரியது. ஏறத்தாழ 750 இலட்சம் டொலர். 1979 டிசெம்பரில் அப்பெண் நினைவிழந்து, பின்னர் பிழைத்தெழுந்தாள். 1980 டிசெம்பரில் மீண்டும் நினைவிழந்தாள், அதன்பின் எழவேயில்லை. கணவன் இன்சுலின் ஊசியேற்றி இருமுறை கொல்ல முயன்றான் என்பது வழக்கு. 1982இல் ஜூரிமார் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். முப்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் பத்து இலட்சம் டொலர் பிணையில் அவர் வெளியிலேயே இருந்தார். 1984இல் மாநில உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. 1985இல் நடைபெற்ற மறுவிசாரணையில் அவர் விடுதலையானார்.

மேன்முறையீட்டை நடத்தியவர் ஹார்வாட் பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர் அலன் டேர்ஷோவிட்ஸ். படத்துக்கு மூலமான நூலை எழுதியவரும் அவரே. ஆகவே நாம் காண்பது எதிரியின் சட்டத்தரணி நின்ற இடத்திலிருந்து காணப்பட்ட உலகம் என்பதை நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும். அவ்விடத்திலிருந்து பார்த்தும், தம் கட்சிக்காரர் குற்றமற்றவர் என்று படம் எங்கும் அறுதியிட்டுக் கூறவில்லை. அன்றிரவு நடந்திருக்கக் கூடியவற்றை ஒன்றுக்கொன்று மாறான வடிவங்களிற் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

குற்றவாளியாயிருக்கக் கூடும் என்று தாமே ஐயுறும் ஒருவருக்காக வாதாடுவது அறமா? படத்தில் மாணவி ஒருத்தி தன் பேராசிரியரிடம் இக்கேள்வியை நேரிலேயே எழுப்புகிறாள். அவர் தரும் விடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பெண்ணின் முதல் மணத்துப் பிள்ளைகள் பொலிசாரிடம் செல்லுமுன் தனியாரை அமர்த்தி ஆதாரம் திரட்டினர்; திரட்டியவற்றுள் எதைக் கொடுப்பது, எதை மறைப்பது என்பதை அவர்களின் சட்டத்தரணியே முடிவுசெய்தார். இதனை இன்று அனுமதித்தால், நாளை அகப்படப்போகிறவன் நல்ல சட்டத்தரணியை அமர்த்த வழியற்ற ஏழையே. இதுதான் பேராசிரியரின் வாதம். உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய இதனையே ஏற்றது. தனியார் சட்டத்தரணி எழுதிவைத்த குறிப்புகளை எதிரி தரப்புக்குக் காட்டியிருக்க வேண்டும் என்றது. கண்டெடுக்கப்பட்ட மருந்துகளை அரசு நீதிமன்றின் ஆணையின்றிப் பரிசோதித்தது தவறென்றது.

வகுப்பில் வழக்குரை காதையைப் படிப்பிக்கும்போது கண்ணகியின் சினத்தையே நாம் பெரிதும் விதந்து பேசுகிறோம். அக்காதைக்கு முன் நிகழ்ந்ததை விரைவாகக் கடந்துவிடுகிறோம். பாண்டியனிடம் சான்றைக் கொண்டுசென்றவன் யார்? அச்சிலம்பைத் தானே களவாடிய பொற்கொல்லன். வழக்கில் ஆதாயமுள்ளவன் கையால் வரும் சான்றை ஆராயாது ஏற்றுக்கொள்வதே மன்னனின் பிழை. நியூபோர்ட்டின் பிள்ளைகளைப் பொற்கொல்லனோடு ஒப்பிடுவது என் கருத்தன்று. தாயின் நிலை கண்டு துடித்தவர்கள் அவர்கள். ஆயினும் நெறி ஒன்றே. துயரமுற்றவனிடமிருந்தும் சான்றை முழுமையாகக் கேட்டே பெறல் வேண்டும்.

இவ்வளவில் பேராசிரியரோடு நான் உடன்படுகிறேன். ஆனால் அவர் நிறுத்திக்கொண்ட இடத்தில் நாமும் நின்றுவிட முடியாது.

நெறி எல்லோர்க்கும் பொது. சட்டப் புத்தகத்தில் அது ஏழைக்கும் உரியதே. ஆயின் புத்தகத்தில் உறங்கும் நெறியை எழுப்பி நீதிமன்றுக்கு அழைத்துவர எவ்வளவு செலவாகிறது! அப்பேராசிரியரின் வீடே பாசறையாகிறது. மாணவர் பட்டாளம் இரவுபகலாக ஏடுகளைப் புரட்டுகிறது. ஊசிமுனை உடலிற் புகுந்து வெளிவந்திருந்தால் அதன்மேல் அவ்வாறு மருந்து படிந்திருக்குமா என்று நிபுணர்கள் ஆராய்கிறார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்தே சந்தேகம் பிறக்கிறது. ‘நியாயமான சந்தேகம்’ தானாக முளைப்பதில்லை. உழைப்பாலும் பணத்தாலும் விளைவிக்கப்படுகிறது. அதே ஊசி சேரியொன்றிற் கண்டெடுக்கப்பட்டிருந்தால் அதன் முனையை உற்றுநோக்க எவர் இருந்திருப்பார்?

படம் இதனை அறியாததன்று. அதனாலேயே இரண்டு கறுப்பினச் சகோதரர்களைக் கதைக்குள் கொணர்கிறது. மரணதண்டனையை எதிர்நோக்கியிருக்கும் ஏழை இளைஞர் அவர்கள். செல்வரிடம் பெறும் ஊதியம் அவர்களின் வழக்குக்கு உதவும் என்பது பேராசிரியரின் சமாதானம். கேட்பதற்கு இனிய சமாதானந்தான். எனினும் அவ்விருவருக்கும் படத்தில் எத்தனை நிமிடங்கள் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். செல்வனுடைய கழுத்துப்பட்டியின் முடிச்சுவரை நாம் அறிந்துகொள்கிறோம். அந்த இளைஞரின் முகங்கூட மனத்திற் பதிவதில்லை. ஏழையின் உயிர், செல்வனின் வழக்கிலிருந்து சிந்தும் சில்லறையால் காக்கப்பட வேண்டியதாயிருக்கும் அமைப்பைக் கண்டு கோபங்கொள்ள வேண்டிய படம், அச்சில்லறையைக் காட்டி ஆறுதல் சொல்கிறது. கலையின் குறை என்று இதனைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. பார்வையின் குறை இது.

வொன் பூலோவாக நடித்து ஒஸ்கார் பரிசு பெற்ற ஜெரமி அயன்ஸின் ஆற்றலைப் பற்றி இருவேறு கருத்தில்லை. அந்தத் தாழ்ந்த குரலும், உணர்ச்சி எட்டாத புன்னகையும் நம்மைக் கட்டிவைக்கின்றன. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவரை நாம் இரசிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

எனது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இப்படத்தைப் பார்த்துவிட்டு, “சேர், அவர் செய்தவரோ, இல்லையோ?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அவன் முகம் சுருங்கியது. பிறகு, வழக்கு முழுவதிலும் என்னை அதிகம் உறுத்திய ஒன்றை அவனுக்குச் சொன்னேன். அது இன்சுலின் அன்று.

முதன்முறை சனி நினைவிழந்த நாளில் நடந்ததை வீட்டுப் பணிப்பெண் நீதிமன்றிற் கூறினாள். மனைவி அசைவற்றுக் கிடக்க, கணவன் அதே கட்டிலில் அருகிற் கிடந்தார்; மருத்துவரை அழையுங்கள் என்று அவள் வேண்டியும் நெடுநேரம் அழைக்கவில்லை; அவள் உறங்குகிறாள் என்றே எண்ணியதாகச் சொன்னார். ஊசி பற்றிய சான்றெல்லாம் பொய்யென்றே வைத்துக்கொள்வோம். இந்த மணித்தியாலங்கள் எஞ்சுகின்றன. அந்த மாளிகையில் அமைதியிழந்து தவித்தவள் கூலிக்கு நின்ற பெண் ஒருத்தியே. ஊசி ஏற்றப்பட்டதா என்பதையே நீதிமன்றம் கேட்டது. அருகிற் கிடந்தவர் ஏன் எழுந்து ஆளனுப்பவில்லை என்பது அதற்கு வெறும் சூழ்நிலைச் சான்று. சட்டம் அவரை விடுவித்தது சரியே என்று கொள்ளும் நான், அக்கட்டிலின் ஓரத்திலிருந்து அவரை விடுவிக்க இயலாதவனாயிருக்கிறேன். இவ்விரண்டும் ஒரே மனத்தில் இருக்க முடியுமா என்று மாணவன் கேட்டான். இருக்கின்றன என்றுதான் சொல்ல முடிந்தது.

1987இல் பிள்ளைகளோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மனைவியின் சொத்தின்மேலுள்ள உரிமைகளை அவர் கைவிட்டார். 2019இல் காலமானார்.

படத்தின் இறுதிக் காட்சியில் அவர் கடையொன்றில் நிற்கிறார். தம்மை அடையாளங்கண்டு வெருளும் விற்பனைப் பெண்ணிடம் இன்சுலின் கேட்கிறார். பிறகு வேடிக்கைக்குச் சொன்னேன் என்கிறார். அவ்விடத்தில் நானும் சிரித்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. படம் நெடுகிலும் கதை சொல்லும் குரல் நினைவிழந்து கிடக்கும் சனியினுடையது. அது கற்பனைக் குரல். 1990இல் திரையரங்குகளில் அந்தச் சிரிப்பு எழுந்தபோது உண்மையான சனி நியூயோர்க்கில் உயிரோடு, பேச்சற்றுக் கிடந்தாள். அதற்குப் பின்னும் பதினெட்டு ஆண்டுகள், 2008 டிசெம்பர்வரை, அவ்வாறே கிடந்தாள்.